வெறுங்கைக் குத்துச்சண்டை: பழைய பத்திரிகை அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளும் முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பந்தயப் பணத்துக்காக நடந்த வெறுங்கைக் குத்துச்சண்டைகளைப் பற்றிய அக்காலப் பத்திரிகை அறிக்கைகள் இன்று இணைய ஆவணக் காப்பகங்களில் கிடைக்கின்றன. கையுறை அணிந்த இன்றைய சண்டையை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள், 75 சுற்று, 99 சுற்று என்ற எண்ணிக்கைகளைக் கண்டதும் அவற்றைப் பொய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இல்லையென்றால் அக்கால மனிதர்களை அசுரர்களாக எண்ணி வியக்கிறார்கள். இரண்டுக்கும் அவசியம் இல்லை. ஒருவர் தரையில் விழுவதுதான் அன்று சுற்றின் முடிவு என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு படித்தால், அறிக்கையின் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

முதலில் சண்டை நடந்த ஆண்டைப் பாருங்கள். 1743-இல் ஜாக் பிராட்டன் வகுத்த விதிகள் சுமார் ஒரு நூற்றாண்டுக் காலம் நடைமுறையில் இருந்தன. 1838-இல் லண்டன் பரிசுக் கள விதிகள் வந்தன; 1853-இல் அவை திருத்தப்பட்டன. இந்த விதிகளின்படி, கயிறு கட்டிய 24 அடிச் சதுரக் களத்தின் நடுவே ஒரு கோடு இருக்கும். ஒருவர் விழுந்ததும் துணையாட்கள் அவரைத் தம் மூலைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஒரு துணையாள் முழங்காலை மடித்து அமர, அந்த முழங்காலே வீரருக்கு இருக்கையாகும். 30 வினாடி கழிந்ததும் நேரம் அறிவிக்கப்படும். அதிலிருந்து 8 வினாடிக்குள் அவர் யார் உதவியும் இல்லாமல் நடந்து நடுக்கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் தோல்வி. புள்ளிக் கணக்குக்கு இங்கே இடமே இல்லை.

"யார் உதவியும் இல்லாமல்" என்ற நிபந்தனை 1838-இல்தான் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் ஓவன் ஸ்விஃப்ட்டுடன் மோதிய 'பிரைட்டன் பில்' என்ற வில்லியம் ஃபெல்ப்ஸ் அடிபட்டு இறந்துபோனார். அதற்கு முந்திய சண்டைகளில், நிற்கவே முடியாதவரைக்கூடத் துணையாட்கள் தூக்கிவந்து கோட்டில் நிறுத்துவது உண்டு. 1833-இல் 'செவிட்டு பர்க்' என்று அழைக்கப்பட்ட ஜேம்ஸ் பர்க்கும் சைமன் பர்னும் 3 மணி 6 நிமிடம், 99 சுற்றுகள் மோதினார்கள். சில நாட்களில் பர்ன் இறந்தார். அந்த 99 என்ற எண்ணை வீரத்தின் அளவாகப் படிப்பது பெரும் அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. அதன் கடைசிப் பகுதியில், பந்தயம் தோற்கக் கூடாது என்பதற்காகப் பிறர் ஒரு மனிதரை மீண்டும் மீண்டும் தூக்கி நிறுத்தியதும் அடங்கியிருக்கிறது.

அடுத்து, சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மொத்த நேரத்திலிருந்து, சுற்றுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து அரை நிமிடத்தால் பெருக்கிய ஓய்வு நேரத்தைக் கழித்து, எஞ்சுவதைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1889 ஜூலை 8 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ரிச்பர்க்கில் கடும் வெயிலில் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் மோதிய சண்டை 75 சுற்றுகள், 2 மணி 16 நிமிடம் நீடித்தது. ஓய்வு 37 நிமிடம் போக 99 நிமிடம் மிஞ்சுகிறது. ஒரு சுற்றுக்குச் சராசரியாக ஒரு நிமிடம் இருபது வினாடிக்கும் குறைவு. 1855-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஜேம்ஸ் கெல்லியும் ஜொனாதன் ஸ்மித்தும் மோதியதோ 6 மணி 15 நிமிடத்தில் வெறும் 17 சுற்றுகள். அங்கே ஒரு சுற்று சராசரியாக இருபது நிமிடத்தைத் தாண்டியிருக்கிறது. சராசரி குறைவாக இருந்தால், அடியாலோ தந்திரத்தாலோ யாரோ அடிக்கடி விழுந்திருக்கிறார் என்று பொருள். மிக அதிகமாக இருந்தால், இருவரும் நெருங்கத் தயங்கி நெடுநேரம் விலகி நின்றிருக்கலாம்.

இப்போது ஒவ்வொரு சுற்றின் கடைசி வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படியுங்கள். அடிபட்டு விழுந்தாரா, தூக்கி எறியப்பட்டாரா, இருவரும் பிடித்துக்கொண்டே சேர்ந்து விழுந்தார்களா, தாமே நழுவி அமர்ந்தாரா என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இடுப்புக்கு மேலே பிடித்து எறியும் மல்யுத்தம் இந்த ஆட்டத்தில் செல்லும் என்பதை இன்றைய வாசகர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். எதிரியை இடுப்பின்மேல் ஏற்றிப் புரட்டித் தரையில் எறிந்து, தம் முழு எடையோடும் அவர்மேல் விழுவது பல சண்டைகளில் குத்தைவிடக் கூடுதல் சேதம் விளைவித்தது. அடிபடாமல் வேண்டுமென்றே விழுவது விதிமீறல். ஆனால் எதிரியின் பிடியிலிருந்து நழுவித் தரையில் இறங்குவதை விதி அனுமதித்தது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியில்தான் களைத்துப்போன வீரர்கள் 30 வினாடி ஓய்வைச் சம்பாதித்தார்கள். ரிச்பர்க்கில் கில்ரெயின் இப்படித்தான் பல சுற்றுகளைக் கடத்தினார். நின்று சண்டை போடும்படி சல்லிவன் அவரை அதட்டிக்கொண்டே இருந்தார்.

கைகளைப் பற்றிய குறிப்புகளைத் தவறவிடாதீர்கள். வெறும் முட்டி மண்டையோட்டில் மோதினால் பெரும்பாலும் உடைவது முட்டிக்குப் பின்னால் உள்ள எலும்புதான். எனவே தேர்ந்த வீரர்கள் விலாவையும் வயிற்றையும் கண்களைச் சுற்றியுள்ள சதையையும் குறிவைத்தார்கள். தற்காத்துக்கொள்பவர் தலையைத் தாழ்த்தி, வரும் குத்தை நெற்றியில் வாங்கப் பார்ப்பார். "இடது கை வீங்கியது" என்ற ஒற்றை வரி வந்தால், அதற்குப் பின் அந்தக் கையால் விழும் குத்துகள் எப்படிக் குறைகின்றன என்று பாருங்கள். வீங்கி மூடிய கண்ணைத் துணையாள் கத்தியால் கீறி இரத்தத்தை வடித்துத் திறக்க முயல்வதும் உண்டு. இரத்தத்தைக் 'கிளாரெட்' என்ற சிவப்பு ஒயினின் பெயரால் எழுதுவது அக்கால நிருபர்களின் வழக்கம். அந்த உல்லாச நடையில் மயங்காமல் காயங்களைத் தனியே பட்டியலிட்டுக்கொண்டால் சண்டையின் உண்மைப் போக்கு தெரியும்.

பயிற்சிக்கு ஏற்றது 1860 ஏப்ரல் 17 அன்று ஹாம்ப்ஷயரின் ஃபார்ன்பரோவில் நடந்த சண்டை. டாம் சேயர்ஸ் 5 அடி 8 அங்குல உயரமும் ஏறக்குறைய 150 பவுண்டு எடையும் கொண்ட கொத்தனார்; அமெரிக்கர் ஜான் ஹீனன் 6 அடி 2 அங்குலம், சுமார் 195 பவுண்டு. தொடக்கச் சுற்றுகளிலேயே சேயர்ஸின் வலது கை அடிபட்டுப் பயனற்றுப் போனது. அந்த இடத்தைக் கோடிட்டு வைத்துக்கொண்டு மேலே படித்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஏன் ஹீனனின் முகத்தை, அதிலும் கண்களை, இடது கை மட்டும் தேடித் தேடி அடித்தது என்பது புரியும். ஹீனன் பார்வை மங்கத் தொடங்கியதால்தான் நெருங்கிப் பிடிப்பதையும் எறிவதையும் நம்பினார். இறுதியில் அவர் சேயர்ஸின் கழுத்தை மேல் கயிற்றின்மீது அழுத்திப் பிடிக்க, கூட்டம் களத்துக்குள் புகுந்தது; காவலர்களும் வந்துவிட்டார்கள். நடுவர் அகன்ற பிறகும் சில சுற்றுகள் நடந்தன. அவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்தே 37 என்றும் 42 என்றும் எண்ணிக்கை மாறுகிறது. முடிவு சமன், இருவருக்கும் வாகையர் கச்சை வழங்கப்பட்டது.

இந்தச் சண்டையின் நடுவர் ஃபிராங்க் டவ்லிங், 'பெல்ஸ் லைஃப் இன் லண்டன்' பத்திரிகையின் ஆசிரியர். விதியைச் செயல்படுத்தியவரும் செய்தியை வெளியிட்டவரும் ஒருவரே என்றால், அந்த அறிக்கையை அமெரிக்கப் பத்திரிகைகளின் விவரத்தோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது. பரிசுச் சண்டை சட்டவிரோதம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு மாவட்ட அதிகாரி வந்தால் அடுத்த மாவட்டத்துக்குள் நகர்ந்துவிட ஏதுவாக, எல்லையோரங்களில் களம் அமைத்தார்கள். இடமும் பெயரும் மழுப்பலாக இருந்தால் அது நிருபரின் கவனக்குறைவாக இருக்க வேண்டியதில்லை. 1868-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், இத்தகைய சண்டைகளுக்குச் சிறப்பு ரயில் விடும் நிறுவனத்துக்கு 200 முதல் 500 பவுண்டு வரை அபராதம் விதித்தது. எனவே அதற்குப் பிந்திய இங்கிலாந்து அறிக்கைகளில் மறைப்பு இன்னும் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தே படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 1867-இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளின்படி நடந்த சண்டைகளுக்கு மேற்சொன்ன கணக்கு பொருந்தாது. அங்கே சுற்றுக்கு மூன்று நிமிடம், ஓய்வு ஒரு நிமிடம், கையில் கையுறை, எறிதல் கூடாது, விழுந்தவர் எழுவதற்குப் பத்து வினாடி. 1892-இல் நியூ ஆர்லியன்ஸில் ஜேம்ஸ் கார்பெட் அதே சல்லிவனை 21-ஆம் சுற்றில் வீழ்த்தினார் என்று படிக்கும்போது, அந்த 21-ஐ ரிச்பர்க்கின் 75-உடன் ஒப்பிடாமல், நேரடியாக நிமிடக் கணக்காக மாற்றிப் பார்க்க வேண்டும்.