பழைய காரின் ஸ்டியரிங் பாக்ஸில் எண்ணெய்க் கசிவை நிறுத்துதல்

முதலில் ஸ்டியரிங் பாக்ஸின் (ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சக்கரப் பெட்டி) வெளிப்புறத்தை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டிய பின் ஈரம் எங்கே தோன்றுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பிட்மேன் ஆர்ம் (பாக்ஸின் அசைவைச் சக்கரங்களை நோக்கிக் கடத்தும் நெம்புகோல்) பொருந்தியுள்ள தண்டின் முனையில்தான் கசியும். ஆர்மும் தண்டும் சேரும் இடத்தில் அடையாளக் கோடு இட்டு, புல்லரால் (இறுகிய பாகத்தை இழுத்துக் கழற்றும் கருவி) மட்டுமே கழற்றுங்கள். சுத்தியலால் அடித்தால் உள்ளிருக்கும் பற்கள் சேதமடையக்கூடும்.

தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான பழைய ஆயில் சீலை எடுத்ததும் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், தண்டைத் தாங்கும் உருளை வளையமான புஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றாமல் புதிய சீலை மட்டும் போட்டால் விரைவிலேயே மீண்டும் கசியும் என்பதால், இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். புதிய சீலின் உதட்டில் (தண்டைத் தொடும் மெல்லிய விளிம்பு) எண்ணெய் தடவி, உதடு பாக்ஸின் உட்புறம் நோக்குமாறு நேராக அழுத்துங்கள்.

கசிவுக்கு அஞ்சிச் சாதாரண கிரீஸை அடைப்பது பெரும் தவறு. பற்கள் ஒதுக்கித் தள்ளிய கிரீஸ் திரும்பி வழிந்து வராததால் அவை உலர்ந்து தேயும். கையேடு குறிப்பிடும் கியர் ஆயிலையே ஊற்றுங்கள்.