ஸ்போர்ட்ஸ் காருக்கு நீங்களே ஆயில் மாற்றலாம்

ஃபெராரி, போர்ஷே என்றாலே கை வைக்கப் பயப்படுவார்கள். நட்டும் போல்ட்டும் எல்லா காரிலும் ஒன்றுதான். அவசரப்பட்டால்தான் செலவு இழுத்துவிடும். ஆயிலில் தொடங்குங்கள். எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். ஃபெராரி 355-இல் அதை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும்.

1. முதலில் சர்வீஸ் மேனுவல். ஆயில் கிரேடு, லிட்டர் கணக்கு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் உரிய டார்க் (முறுக்கும் விசையின் அளவு) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, போர்ஷே 996-இன் வீல் போல்ட்டுக்கு 130 நியூட்டன் மீட்டர். அந்த விசையை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறங்க வேண்டாம். அலுமினியத்தில் மரை போனால் போனதுதான்.

2. எஞ்சினைச் சற்றே சூடாக்கி அணைத்துவிடுங்கள். கார் தாழ்வாக இருப்பதால் ஜாக் உள்ளே நுழையாது. சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றிக்கொண்டால் இடம் கிடைக்கும். ஜாக் பாயிண்ட் தவிர வேறெங்கும் தூக்கக் கூடாது. ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது.

3. அடித்தட்டைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. அட்டையில் தட்டின் படம் வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

4. பழைய ஆயிலை வடியுங்கள். டிரை சம்ப் எஞ்சினில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். அதனால் ஆயிலை வடிக்கும் திருகு மூடி, அதாவது டிரெயின் பிளக், ஒன்றுக்கு மேல் இருக்கலாம். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு இருந்தால் கவலையில்லை. பளபளக்கும் உலோகச் சில்லு தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பிளக்கைத் திரும்ப மாட்டும்போது வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

5. ஃபில்டரை மாற்றுங்கள். பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

6. இனிதான் கவனம் தேவை. ஆயிலை மொத்தமாக ஊற்றாதீர்கள். முக்கால் பங்கு ஊற்றி, காரைச் சமதளத்தில் இறக்கி, எஞ்சினை ஓடவிடுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். ஃபெராரி 360 போன்ற டிரை சம்ப் கார்களில், ஆயில் நன்றாகச் சூடேறி ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கையில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்த்து, குறைகிறதே என்று ஊற்றினால் அளவு மீறிவிடும். மிஞ்சிய ஆயில் பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாய்) வழியாகக் காற்றுக் குழாய்க்குள் ஏறி, சைலன்சரில் நீலப்புகை கிளம்பும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள்.

கசிவு பார்த்துவிட்டு அடித்தட்டை மாட்டுங்கள். பில், தேதி, கிலோமீட்டர், ஓரிரு போட்டோ எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். காரை விற்கும்போது, வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.