கரைசல் சுரங்கத்தில் கிணறுகளையும் நிலத்தாழ்வையும் கண்காணிப்பது எப்படி

பாறையுப்பையோ பொட்டாஷையோ (பொட்டாசியம் உப்பு) கரைத்தெடுக்கும் சுரங்கத்துக்குள் ஆள் இறங்குவதில்லை. கிணற்றின் வழியே நன்னீர் உள்ளே செல்கிறது. உவர்நீர் மேலே வருகிறது. எடுக்கும் ஒவ்வொரு டன் பாறையுப்புக்கும் அடியில் ஏறத்தாழ 0.46 கன மீட்டர் இடம் குகையாகிறது. அந்தக் குகையை யாரும் நேரில் பார்க்க முடியாது என்பதால், கிணற்றின் கணக்கு, நிலத்தடி நீரின் தன்மை, தரையின் மட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே அதன் நிலையை அறிய வேண்டும். தரை தாழ்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும் வரை காத்திருந்தால், அதற்குள் அடியில் சேதம் முற்றியிருக்கும்.

முதல் வேலை, உற்பத்தி தொடங்குமுன் குறைந்தது ஓர் ஆண்டாவது எல்லாப் பருவங்களிலும் இயல்பு நிலையை அளந்து வைப்பது. இதைத் தவிர்த்துவிட்டால், பின்னாளில் உப்பு கூடும்போது அது முன்பே இருந்ததா, புதிதாக வந்ததா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கண்காணிப்புக் கிணறுகளில் ஒன்றையாவது நிலத்தடி நீரோட்டத்தின் மேற்புறத்திலும், மற்றவற்றைக் கீழ்ப்புறத்தில் குகைக்கும் மக்கள் நீர் எடுக்கும் இடங்களுக்கும் நடுவிலும் அமைக்க வேண்டும். ஆழமற்ற நீர்த்தாங்கிக்கும் (நீர் ஊறித் தங்கும் நில அடுக்கு) உப்புப் படுகைக்குச் சற்று மேலுள்ள நீர்த்தாங்கிக்கும் தனித்தனிக் கிணறுகள் தேவை. ஒரே கிணற்றை இரண்டுக்கும் திறந்துவிட்டால், அந்தக் கிணறே உவர்நீர் மேலேறும் வழியாகிவிடும்.

மாதிரி எடுப்பதில்தான் பிழைகள் மிகுதி. நிறைசெறிவு உவர்நீரின் (இதற்கு மேல் உப்பு கரையாத நீரின்) அடர்த்தி நன்னீரைப்போல் சுமார் 1.2 மடங்கு, எனவே கசிந்து வருவது நீர்த்தாங்கியின் அடியில் போய்த் தங்கும். நீரில் உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்துதிறனை அளக்கும் உணரியை மீட்டர் மீட்டராக இறக்கிப் பார்த்தால், நெடுந்தூரம் ஒரே அளவைக் காட்டிய கருவி கடைசி இரண்டு மூன்று மீட்டரில் சட்டென்று பல மடங்கு ஏறக்கூடும். மேல்நீரை மட்டும் அள்ளிச் சோதித்தவருக்கு அந்தக் கிணறு தூய்மையானதாகவே தோன்றும். ஆகவே அடிமட்டத்திலும் மாதிரி எடுங்கள். தேங்கிய நீரை முதலில் இறைத்துவிட்டு, மின்கடத்துதிறன் நிலைப்பட்ட பிறகே புட்டியை நிரப்புங்கள். குளோரைடுடன் புரோமைடையும் அளப்பது மிகப் பயனுள்ளது. கடல்நீரில் குளோரைடு புரோமைடைப்போல் எடையளவில் ஏறத்தாழ 290 மடங்கு இருக்கும். பாறையுப்பு கரைந்த நீரில் அது பொதுவாக அதைவிட மிக அதிகம். உப்பு கடலிலிருந்து வந்ததா, குகையிலிருந்து வந்ததா என்ற வாதத்தை இந்த விகிதம் பெரும்பாலும் தீர்த்துவைக்கும்.

உற்பத்திக் கிணற்றில் செலுத்திய நீர், வெளிவந்த உவர்நீர், அதன் அடர்த்தி, கிணற்றுத் தலை அழுத்தம் ஆகியவற்றை நாள்தோறும் பதிய வேண்டும். கரைந்த உப்பு விட்ட இடத்தையும் நிரப்ப வேண்டியிருப்பதால், வெளிவரும் அளவு உள்ளே போனதைவிடச் சிறிது குறைந்தே இருக்கும்; அந்தக் குறைவு திடீரென்று பெருகினால், அல்லது அடைத்து வைத்த கிணற்றில் அழுத்தம் சரிந்தால், உடனே கசிவைத் தேட வேண்டும். உறைக்குழாயும் அதைச் சுற்றிய சிமெண்டும் கசியாதிருப்பதை நைட்ரஜன் செலுத்திச் சோதிக்கலாம். குகையின் வடிவத்தை, ஒலியலையின் எதிரொலியைக் கொண்டு தூரம் அளக்கும் சோனார் காட்டும். அந்தப் படத்தில் கொள்ளளவை மட்டும் பார்த்துவிட்டு விடாமல், கூரையின் தடிமனையும், அடுத்த குகைக்கும் உப்புப் படுகையின் விளிம்புக்கும் உள்ள தூரத்தையும் கணக்கிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

தரைமட்டத்துக்கு, குகையின் விளிம்பிலிருந்து அதன் ஆழத்துக்குச் சமமான தூரம் வரையாவது மட்டக்குறிகளை (தரையின் உயரத்தை அளக்க ஊன்றும் குறிகளை) வலைபோல் அமைத்து, அவற்றை ஒப்பிட உதவும் ஆதாரக்குறியை அதற்கும் வெளியே உறுதியான பாறையில் ஊன்ற வேண்டும். களிமண் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குவதால், குறிகளின் அடித்தண்டு அந்த அடுக்கைக் கடந்து இறங்கியிருக்க வேண்டும். அளவீடும் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் நடக்க வேண்டும். இரண்டு அளவீடுகளுக்கு நடுவே நேர்வதைச் செயற்கைக்கோள் ரேடார் படங்கள் காட்டும். ஆனால் அவை செயற்கைக்கோளின் பார்வைக் கோட்டில் நேர்ந்த அசைவையே அளப்பதால், மட்டக்குறிகளோடு ஒப்பிடாமல் அவற்றைச் செங்குத்துத் தாழ்வாகக் கொள்ளக்கூடாது. அடியில் பாறையுப்பு கரைத்தெடுக்கப்பட்ட பிரேசிலின் மசேயோ நகரில் 2018 மார்ச்சில் ஏற்பட்ட நில அதிர்வுக்குப் பிறகே ஆபத்து வெளிப்பட்டது. பழைய ரேடார் படங்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தரை தாழத் தொடங்கியிருந்தது தெரிந்தது. ஏறத்தாழ 60,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தரவு சேர்வது போதாது. அதை இன்னார் இத்தனை நாளுக்கொரு முறை பார்ப்பார், இந்த அளவைத் தாண்டினால் நீர் செலுத்துவதை நிறுத்துவார் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

கிணற்றை மூடிய பிறகும் இப்பணி தொடர வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் பயூ கார்னில் 2011-இல் அடைக்கப்பட்ட குகையின் பக்கச்சுவர் உடைந்தது. 2012-இல் முதலில் நீர்நிலைகளில் வாயுக் குமிழிகள் எழுந்தன, சிறு அதிர்வுகள் தொடர்ந்தன, ஆகஸ்ட் 3 அன்று தரை உள்வாங்கியது தெரியவந்தது. குகையைச் சூழ்ந்த உப்பு மெல்ல நெகிழ்ந்து நெருக்குவதாலும், உள்ளிருக்கும் உவர்நீர் பாறையின் வெப்பத்தால் விரிவதாலும், மூடிய குகையில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே இறுதியாக அடைப்பதற்கு முன் அழுத்தம் ஏறும் வேகத்தைப் போதிய காலம் பதிவு செய்யுங்கள். அடைத்த பின்னும் மட்டக்குறிகளையும் கண்காணிப்புக் கிணறுகளையும் அகற்றாமல், குறித்த இடைவெளியில் அளந்து, அந்தப் பதிவுகளை நிலத்தின் ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள்.