வெயில், மழை, குளிர்: கிராமத்துப் பிள்ளைகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்று பிள்ளையை அவசர அவசரமாக வீட்டுக்குள் இழுத்துவிட்டு, அதே மழைத்தண்ணீர் கழிப்பறைக் குழியைத் தாண்டிக் கிணற்றில் இறங்கியிருப்பதைக் கவனிக்காமல் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். சளி வைரஸால் வருவது. நனைந்த பிள்ளையைத் துவட்டி உடை மாற்றிவிட்டால் போதும். வயிற்றுப்போக்கு அப்படி லேசில் விடாது, அதிலும் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை ஒரே நாளில் துவண்டுவிடும்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது, அதனால் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். கிருமி கண்ணுக்குத் தெரியாது. மழை, வெள்ளத்துக்குப் பிறகு தளதளவென்று கொதிக்கும் வரை காய்ச்சி, அப்படியே ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2000 மீட்டருக்கு மேல் மலையில் இருப்பவர்கள் 3 நிமிடம். ஆனால் காய்ச்சுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்து, ஆறிய தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் வைத்து ஆளாளுக்குக் கைவிட்டு மொண்டால் காய்ச்சியதே வீண். மூடி வையுங்கள், சாய்த்தோ குழாய் வைத்த பாத்திரத்திலோ பிடியுங்கள்.

சரி, வயிற்றுப்போக்கு வந்தேவிட்டது. அப்போது செய்யும் தவறும் லேசானதல்ல: கொடுத்தால் இன்னும் போகும் என்று சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்துவது. போவதை நிறுத்துவது உங்கள் வேலையில்லை, போன நீரையும் உப்பையும் திரும்ப ஏற்றுவதுதான் வேலை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலைத் தொடருங்கள், சாப்பிடும் குழந்தைக்குச் சாப்பாட்டைத் தொடருங்கள். ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலத்தில் பாதியைக் கண்ணளவில் ஒரு டம்ளரில் கலக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், உப்பு கூடினால் அதுவே ஆபத்து. 1 லிட்டர் பொட்டலம் உண்டு, 200 மில்லி பொட்டலமும் உண்டு, மேலே எழுதியிருப்பதைப் படித்து முழுசாக அந்த அளவு தண்ணீரில் கரையுங்கள், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டும் தலைதட்டி அளந்தது. குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாக மெதுவாகக் கொடுங்கள். துத்தநாக (ஜிங்க்) மருந்தும் தருவார்கள், 10 முதல் 14 நாள் வரை. வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது என்று இரண்டாம் நாளே அதை நிறுத்துவதும் ஒரு தவறுதான். போக்கை உடனே நிறுத்தும் மாத்திரையைப் பெரியவர்களின் மருந்துப் பையிலிருந்து எடுத்துச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

வெயில் காலத்துக்கு வருவோம். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தாகமெடுக்குமே என்று தண்ணீர் கொடுக்கிறார்கள். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், வெயிலிலும் அதுவே போதும், அடிக்கடி கொடுத்தால் சரி. அம்மாதான் அதிகம் தண்ணீர் குடிக்க வேண்டும். வயல் வேலைக்குப் போகிறவர்கள் மர நிழலில் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டுப் போவார்கள். நிழல் நகரும், குழந்தை நகராது. வெயில் படாமலிருக்கத் தொட்டிலைத் துணியால் முழுக்க மூடினால் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும். தகரக் கூரை வீட்டில் மின்விசிறி ஓடுகிறதே என்றும் இருந்துவிட முடியாது, வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி சூட்டுக் காற்றைத்தான் அடிக்கும். பிள்ளை வெயிலில் இருந்து வந்து உடம்பு கொதிக்க, பேச்சு குழறி அல்லது வலிப்பு வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை, பாராசிட்டமால் அதற்கு உதவாது. உடையைக் களைந்து உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

குளிர் காலத்தில் ஜன்னல் கதவையெல்லாம் சாத்திவிட்டு உள்ளேயே விறகு எரிப்பதும், கரிக்கனல் சட்டியைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குவதும் குளிரை விட மோசமானவை. புகை நுரையீரலைக் கெடுக்கும், கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இருமலுக்குத் தேன் கொடுப்பவர்கள் ஒரு வயது ஆகும் வரை கொடுக்காதீர்கள். நிமோனியாவா வெறும் சளியா என்று நெஞ்சில் காது வைத்துப் பார்ப்பதை விட, குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்: 2 மாதத்துக்குக் கீழே 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ, அல்லது மூச்சிழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

கொசு விஷயத்தில் எல்லாரும் ராத்திரியை மட்டுமே பார்க்கிறார்கள். மலேரியாவுக்கு அது சரி. டெங்குக் கொசு பகலில் கடிக்கும், அதனால் மதியம் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும். பாத்திரத்துத் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம், டெங்குவில் காய்ச்சல் இறங்கியதும் பிழைத்தோம் என்று மூச்சுவிடுகிறோமே, ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், சோர்ந்து கிடத்தல், இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் என்ற வலி மாத்திரைகள் இரண்டும் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

லேசான சளி என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது இன்னொன்று. லேசான சளி தடுப்பூசிக்குத் தடையில்லை. மழையில் பாதை அடைபட்டால் அடுத்த மாதமும் போக முடியாமல் தட்டம்மை ஊசி அப்படியே விட்டுப்போகும். ராத்திரியில் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனாலும் போக வேண்டியது அதே பாதையில்தான். ஓடையில் தண்ணீர் ஏறும் ஊராக இருந்தால் விடியட்டும் பார்ப்போம் என்ற கணக்கு அங்கே செல்லாது, சாயங்காலமே சந்தேகம் வந்தால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள், ஓஆர்எஸ்ஸை மழை தொடங்கும் முன்பே வீட்டில் வாங்கி வையுங்கள்.