பார்லி வைனுக்கு ஈஸ்ட் ஸ்டார்டர் தயாரிக்கும் முறை

இங்கிலாந்தின் பார்லி வைன் போன்ற கடும் பீரை வீட்டிலேயே காய்ச்சுபவர்கள், மால்ட்டுக்கும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஹாப்ஸுக்கும் (கசப்பும் மணமும் தரும் பூ) காட்டும் அக்கறையை ஈஸ்ட்டின் எண்ணிக்கையிலும் காட்ட வேண்டும். ஒப்படர்த்தி (தண்ணீரை 1 எனக் கொண்டு ஒப்பிட்ட அடர்த்தி) 1.090 உள்ள 20 லிட்டர் வோர்ட்டை, அதாவது நொதிக்காத இனிப்பான மால்ட் சாற்றை, நொதிக்க வைப்பதற்கு ஏறத்தாழ 32,000 கோடி ஈஸ்ட் செல்கள் தேவை; ஆனால் புதிய திரவ ஈஸ்ட் பொட்டலம் ஒன்றில் இருப்பதோ சுமார் 10,000 கோடிதான். இந்தக் குறையோடு தொடங்கினால் நொதித்தல் பாதியிலேயே நின்று, திகட்டும் இனிப்பு தங்கிவிடக்கூடும். பொட்டலங்களை அடுக்கடுக்காக வாங்குவதைவிட, ஒன்றையே ஸ்டார்டரில், அதாவது ஈஸ்ட்டை முன்கூட்டியே வளர்க்கும் சிறு மால்ட் கரைசலில், பெருக்கிக்கொள்வது சிக்கனமானது. பீர் காய்ச்சும் நாளுக்கு நான்கு நாள் முன்னதாகவே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

2 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உலர் மால்ட் தூளையும் ஒரு சிட்டிகை ஈஸ்ட் ஊட்டத்தையும் கரைத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். முதல் கொதியில் நுரை சட்டென்று பொங்கி வழியும் என்பதால் அடுப்பை விட்டு நகரக் கூடாது. கரைசலின் ஒப்படர்த்தி 1.037 அளவில் இருக்கும். கடும் பீருக்கான ஈஸ்ட்டைக் கடும் கரைசலிலேயே பழக்க வேண்டும் என்று சிலர் எண்ணுவது தவறு. அடர்ந்த சர்க்கரை செல்களைக் களைப்படையச் செய்யும், நமக்கு வேண்டியதோ தெம்பான செல்கள்.

பாத்திரத்தை மூடி, குளிர்ந்த நீரில் வைத்து 22 டிகிரி செல்சியஸுக்கு ஆற வையுங்கள். இதன் பிறகு கரைசலைத் தொடும் குடுவை, புனல், கத்தரிக்கோல், ஏன், ஈஸ்ட் பொட்டலத்தின் வெளிப்புறம்கூடக் கிருமிநாசினியில் நனைந்திருக்க வேண்டும். இதில் சலுகையே கூடாது. மூன்று லிட்டருக்குக் குறையாத கூம்புக் குடுவையில் கரைசலை ஊற்றி, ஈஸ்ட்டைச் சேர்த்து, வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடிக் காந்தக் கலக்கியின் மேல் வையுங்கள். செல்சுவருக்கு உள்ளே இருக்கும் சவ்வை உருவாக்க ஈஸ்ட்டுக்கு ஆக்ஸிஜன் வேண்டும் என்பதால் இறுக மூட வேண்டாம். கலக்கி இல்லையென்றால் அவ்வப்போது குலுக்கலாம், ஆனால் விளைச்சல் வெகுவாகக் குறையும்.

ஒன்றரை நாளில் கரைசல் பால் கலந்த தேநீர்போல வெளிறிக் கலங்கும். நுரை அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் கவலைப்பட வேண்டியதில்லை. பின் குடுவையை இரண்டு நாள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், ஈஸ்ட் அடியில் வெண்மையான படிவமாக இறுகும். மேலே தெளிந்த நீர், காற்றுபட்டுச் சுவை கெட்டது. பீரில் கலக்கக் கூடாது. படிவம் கலங்காமல் அதைச் சாய்த்து வடித்து, மீதியைச் சுழற்றிக் கரைத்து, 18 டிகிரியில் உள்ள, நன்கு காற்றேற்றிய வோர்ட்டில் சேர்த்துவிடுங்கள்.

உலர் ஈஸ்ட்டுக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம், 11.5 கிராம் பொட்டலங்கள் இரண்டே போதும்.