பிரதியிடும் முறையில் இரண்டு சமன்பாடுகளைத் தீர்ப்பது எப்படி?

தெரியாத எண்கள் இரண்டு, அவற்றைப் பற்றிய சமன்பாடுகளும் இரண்டு. ஒரு எண்ணை மற்றதை வைத்து எழுதிவிட்டால், தெரியாதது ஒன்றுதான் மிஞ்சும். அந்த எண்களை க, ச என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

5க − 2ச = 4 … (1)
3க + ச = 9 … (2)

படி 1: எதைப் பிரிப்பது?
பிரிப்பது என்றால், ஒரு மாறியை (தெரியாத எண்ணை) மட்டும் ஒரு பக்கத்தில் தனியாக நிறுத்துவது. எதைப் பிரித்தாலும் விடை ஒன்றுதான். ஆனால் கெழு (மாறியின் முன்னால் உள்ள எண்) 1 ஆக இருக்கும் மாறியைப் பிரித்தால், பிரிக்கும்போது பின்னம் வராது. இங்கே (2)இல் உள்ள ச அப்படிப்பட்டது.

ச = 9 − 3க

(1)இலிருந்து க-வைப் பிரித்திருந்தால் எல்லாவற்றையும் 5 ஆல் வகுத்துக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கும்.

படி 2: அடுத்த சமன்பாட்டில் பிரதியிடுங்கள்
(2)இல் கிடைத்ததை (1)இல்தான் போட வேண்டும். திரும்பவும் (2)இலேயே போட்டால் 9 = 9 என்று வந்து நிற்கும்; அதனால் ஒரு பயனும் இல்லை.

5க − 2(9 − 3க) = 4

அடைப்புக்குறியைக் கட்டாயம் போடுங்கள். −2 உள்ளே இருக்கும் இரண்டு உறுப்புகளையும் பெருக்க வேண்டும். −2 × −3க என்பது +6க.

5க − 18 + 6க = 4
11க = 22
க = 2

படி 3: மற்ற எண்
ச = 9 − 3 × 2 = 3. அவ்வளவுதான்.

படி 4: சரிபார்ப்பது
இதைப் பலர் தவறான இடத்தில் செய்கிறார்கள். குறியை மாற்றாமல் −6க என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். க = −22, ச = 75 என்று வரும். இதை (2)இல் போட்டுப் பாருங்கள்: −66 + 75 = 9. சரியாகப் பொருந்துகிறது! ச-வை (2)இலிருந்தே எடுத்ததால், க தப்பாக இருந்தாலும் அது பொருந்தத்தான் செய்யும். (1)இல் போட்டால் −110 − 150 = −260; தப்பு உடனே தெரிந்துவிடும். அதனால் பிரதியிட்ட சமன்பாட்டில் கட்டாயம் சரிபாருங்கள். நம் விடைக்கு 10 − 6 = 4, சரி.

மாறிகள் இரண்டுமே மறைந்துவிட்டால்?
(1)க்குப் பதில் 6க + 2ச = 20 என்று இருந்தால், பிரதியிட்டதும் 18 = 20 என்று வரும். அப்படியென்றால் தீர்வே இல்லை. வரைபடத்தில் அவை இணைகோடுகள். வலப்பக்கம் 20க்குப் பதில் 18 இருந்தால் 18 = 18 என்று வரும். இரண்டும் ஒரே கோடு, அதன் மேல் உள்ள எல்லாப் புள்ளிகளும் தீர்வுதான்.