இளம் வீரர்களின் ஊக்கமும் தன்னம்பிக்கையும்: பயிற்றுநர்களுக்கு ஒரு வழிகாட்டி

குறுவட்டப் போட்டியாயினும் மாநிலப் போட்டியாயினும், ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருக்கையில் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, "உன்னால் முடியும்" என்று உரக்கப் பேசுவது பயிற்றுநர்கள் பலருக்கும் பழகிப்போன ஒன்று. அந்தப் பேச்சால் கெடுதல் இல்லை; ஆகக்கூடிய நன்மையும் மிகக் குறைவு. ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் எத்தனை நாள் மைதானத்துக்கு வருகிறது, வந்தபின் எவ்வளவு மனம் ஒன்றி உழைக்கிறது என்பதை ஊக்கம் தீர்மானிக்கிறது. அப்படி உழைத்துச் சேர்த்த திறமையில் எவ்வளவு பங்கு போட்டியன்று வெளிப்படும் என்பதைத் தன்னம்பிக்கை தீர்மானிக்கிறது. இரண்டையும் பயிற்சித் திட்டத்துக்குள்ளேயே வைத்து வளர்க்க வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதை உயரம் தாண்டுதலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஊக்கம். உங்களிடம் வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏன் விளையாட வந்தாய் என்று தனியாகக் கேளுங்கள். சொல்வதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்று அப்பா சொன்னார், தோழி வருகிறாள் அதனால் வருகிறேன், ஓடினால் மனசுக்கு நன்றாக இருக்கிறது என்று பதில்கள் பலவாறாக வரும். இவற்றில் எதுவும் தவறான பதில் இல்லை. ஒதுக்கீடும் வேலைவாய்ப்பும் பல குடும்பங்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினை. அவற்றை இழிவாகப் பேசும் உரிமை பயிற்றுநருக்குக் கிடையாது. ஆனால் வெளியிலிருந்து வரும் காரணம் மட்டுமே இருக்கும் பிள்ளை, அந்தக் காரணம் தள்ளிப்போகும்போது மைதானத்தை விட்டு விலகிவிடும் வாய்ப்பு அதிகம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் இருவரும் உள்ளிருந்து எழும் ஊக்கத்துக்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்றனர்: இதை நானே விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, எனக்குக் கைவருகிறது என்ற உணர்வு, இங்கே எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. மூன்றில் நாம் அதிகம் பறிப்பது முதலாவதைத்தான். எல்லாவற்றையும் விசில் ஊதியே நடத்தும் மைதானத்தில் பிள்ளைக்குத் தானாக முடிவு செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சிகளின் வரிசையை அவர்களே முடிவு செய்யட்டும்; எந்த உயரத்திலிருந்து தாண்டத் தொடங்குவது என்பதைத் தாண்டுபவரே சொல்லட்டும். போட்டியில் அந்த முடிவை எப்படியும் அவர்தானே எடுக்க வேண்டும்?

பரிசு கொடுப்பதிலும் கவனம் தேவை. மார்க் லெப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட மழலையர் பள்ளிப் பிள்ளைகள் பின்னர் தாமாக வரைவதில் ஆர்வம் குறைந்து காணப்பட்டனர். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. மைதானத்திலும் இதையே கடைப்பிடிக்கலாம். தாண்டினால் ஷூ வாங்கித் தருகிறேன் என்று பேரம் பேசுவதைவிட, மாதக் கடைசியில் கிழிந்த ஷூவைக் கண்டு சொல்லாமல் வாங்கித் தருவது மேல்.

இனி தன்னம்பிக்கை. விளையாட்டில் இச்சொல்லுக்கு, எல்லாவற்றிலும் நான் கெட்டிக்காரன் என்ற பொதுவான எண்ணம் பொருளாகாது. இந்த உயரத்தை, இந்த ஓட்டத்தில், இன்று என்னால் தாண்ட முடியும் என்ற குறிப்பான எதிர்பார்ப்பே பொருள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் இதைப் பற்றி எழுதியபோது நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் சொல், தன் உடல் காட்டும் குறிகள். இவற்றுள் வலுவானது முதலாவது. நாம் நேரத்தைச் செலவிடுவதோ மூன்றாவதில்.

முதல் ஊற்றை மைதானத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு மாணவியின் சிறந்த தாண்டல் 1.45 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் 1.45இல் தொடங்கி 1.50க்குப் போராட விட்டால், அவர் வீட்டுக்குக் கொண்டுபோவது கம்பியைத் தட்டிய நினைவை மட்டுமே. மாறாக 1.25இல் தொடங்குங்கள். ஓடிவரும் அடிகளை எண்ணி, தொடக்க இடத்தில் சுண்ணாம்பாலோ டேப்பாலோ குறி வையுங்கள். குறி தப்பினால் தாண்டலும் தப்பும் என்பதை அவரே கண்டுகொள்வார். 1.35 வரை ஐந்து ஐந்து சென்டிமீட்டராகவும், அதன்பின் மூன்று மூன்றாகவும் உயர்த்துங்கள். புதிய உயரத்தைப் பழக்கும்போது கம்பிக்குப் பதிலாக ரப்பர் கயிற்றைக் கட்டினால், முதுகில் கம்பி குத்தும் அச்சம் நீங்கி, உடல் முழு முயற்சியையும் செய்யத் துணியும். ஓர் உயரத்தில் இரண்டு முறை தவறினால் ஐந்து சென்டிமீட்டர் இறக்கி, சுத்தமாக ஒருமுறை தாண்டச் செய்து, அத்துடன் அன்றைய பயிற்சியை முடியுங்கள்.

இப்படி முடிப்பதற்கு இந்த விளையாட்டில் தனிக் காரணம் ஒன்று உண்டு. தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற்றம் என்ற விதியால், உயரம் தாண்டுவோர் பெரும்பாலும் எந்தப் போட்டியையும் தோல்வித் தாண்டலோடுதான் முடிக்கிறார்கள், வென்றவரும் விதிவிலக்கில்லை. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கத்தைப் பகிர்ந்துகொண்ட கத்தாரின் பார்ஷிம், இத்தாலியின் தம்பேரி இருவருமே 2.37 மீட்டரைத் தாண்டியபின் 2.39இல் மும்முறையும் தவறியவர்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கம்பி விழுவது இந்த ஆட்டத்தின் வழக்கமான முடிவு என்று அறிந்தவர், அதைத் தன் தகுதிக்கு வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது ஊற்றான முன்மாதிரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியதும், 46 நாட்களில் ஜான் லாண்டி அதையும் முறியடித்ததும், நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓட முடியாது என்ற மனத்தடை உடைந்ததற்குச் சான்றாக மேடைதோறும் சொல்லப்படுகிறது. லாண்டி அதற்கு முன்பே பலமுறை 4 நிமிடம் 2 விநாடியளவில் ஓடியவர் என்பதும், பானிஸ்டருக்கு வேகம் அமைத்துக் கொடுத்த கிறிஸ் சாட்டவேயே பின்லாந்தில் லாண்டியையும் விரட்டி ஓடினார் என்பதும் அந்த மேடைகளில் வருவதில்லை. முன்மாதிரி உதவும், ஏற்கெனவே அருகில் வந்துவிட்டவருக்கே அதிகம் உதவும். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற சேலத்து மாரியப்பனின் காணொளி பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைக்கும், ஆனால் 1.45 தாண்டும் மாணவிக்கு, அதே பள்ளியில் 1.52 தாண்டும் அக்காவுடன் வாரம் இருமுறை பயிற்சி செய்வதே கூடுதல் பலன் தரும்.

மூன்றாவது, சொல். "சூப்பர்", "வெரி குட்" போன்ற பாராட்டுகள் காற்றோடு போய்விடுகின்றன. "கடைசி மூணு அடியிலே வேகம் குறையலம்மா, அதான் ஏறிட்டே" என்று சொன்னால், மறுமுறை எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. தவறைத் திருத்தும்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித், பிராங்க் ஸ்மால் குழுவினர் சிறுவர் பேஸ்பால் பயிற்றுநர்களுக்கு இத்தகைய பேச்சுமுறையைக் கற்பித்துப் பார்த்தனர். 1992இல் வெளியான முடிவின்படி, அப்பயிற்சி பெற்றவர்களிடம் ஆடிய சிறுவர்களில் மறு ஆண்டு விலகியவர்கள் 5 சதவீதம். மற்றவர்களிடம் ஆடியோரில் 26 சதவீதம்.

நான்காவது, உடல். போட்டியன்று நெஞ்சு படபடப்பதையும் உள்ளங்கை வேர்ப்பதையும் பிள்ளைகள் பயத்தின் அறிகுறியாகவே படிக்கிறார்கள். உடல் ஓட்டத்துக்குத் தயாராகும்போதும் இவையே நிகழும் என்று முன்பே சொல்லிவைத்தால் பாதிப் பதற்றம் அடங்கும்.

மீதிப் பாதியை அடக்க ஒரு நிலையான வரிசை வேண்டும். பலர் களத்தில் இருக்கையில் ஒவ்வொரு தாண்டலுக்கும் கிடைப்பது ஒரு நிமிடம். குறியில் நிற்பது, ஒரு மூச்சை நீளமாக வெளிவிடுவது, கம்பியைப் பார்ப்பது, மனத்துக்குள் ஒரே சொல்லைச் சொல்லிக்கொள்வது, ஓடுவது என்ற வரிசையைப் பயிற்சியில் ஒவ்வொரு தாண்டலிலும் கடைப்பிடித்தால் போட்டியில் அது தானாக வரும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடுதலில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டைச் சுடும் முன் பின்லாந்து வீரர் ஹென்றி ஹேக்கினனுடன் சமநிலையில் இருந்தார். அந்த நெருக்கடியில் அவர் சுட்டது 10.8 புள்ளி, ஹேக்கினன் சுட்டது 9.7. பழகிய வரிசையின் அருமை அத்தகைய நேரத்தில்தான் தெரியும்.

தோல்விக்குப் பிந்தைய நாளையும் திட்டத்தில் சேருங்கள். 2024 ஏப்ரலில் டொராண்டோவில், உலகப் பட்டத்துக்கு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் சதுரங்கத்தின் ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்ற குகேஷ், மறுநாள் ஓய்வு நாளில் மனம் தெளிந்து, அங்கிருந்தே வெற்றி தன்னுடையது என்ற எண்ணம் வந்ததாகப் பின்னர் கூறினார். அதே ஆண்டு உலகப் பட்டப் போட்டியில் முதல் ஆட்டத்தை டிங் லிரெனிடம் இழந்து, மூன்றாவதில் வென்று, டிசம்பர் 12 அன்று பதினான்காவது ஆட்டத்தில் பட்டத்தை எடுத்தார். அவருக்குப் பாடி அப்டன் என்பவர் மனப்பயிற்சியாளராக இருந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். தோல்வியைக் கையாள்வதும் தனியே பயிலப்படும் கலை. உங்கள் பிள்ளைக்கு, தோற்ற அன்று அறிவுரை எதுவும் வேண்டாம். மறுநாள் நோட்டைத் திறந்து, மாற்றக்கூடிய ஒன்றை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

நம்பிக்கை மிகுந்தாலும் சிக்கல் உண்டு. எல்லாம் கைக்குள் என்று எண்ணுபவர் உழைப்பைக் குறைத்துவிடுவார். அத்தகையவருக்கு உயரத்தைக் கூட்டுங்கள், வலுவான எதிராளியோடு ஆடவிடுங்கள்.

கடைசியாக, ஊக்கக் குறைவு என்று பெயரிடுவதற்கு முன் வேறு காரணங்களை விலக்கிப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது சாப்பிட்டாயா என்பதைத்தான். காயத்துக்குப் பின் திரும்பியவர் தயங்கினால் அதைக் கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் காற்றில் தன் உடல் இருக்கும் நிலையை உணர முடியாமல் குழு இறுதிப்போட்டியின் நடுவே விலகினார். தொடர்ந்திருந்தால் கழுத்தோ முதுகோ முறிந்திருக்கக்கூடும். சில நாட்களில் சமநிலைக் கட்டையில் மட்டும் இறங்கி வெண்கலம் வென்றார். உங்கள் மாணவி ஓடிவந்து கம்பியின் முன் நின்றுவிடுவது தொடர்ந்தால், கம்பியை எடுத்துவிட்டு மெத்தைக்கு மட்டும் தாண்டவிடுங்கள். ஒரு வாரத்துக்குப் பின்னும் மாறவில்லையென்றால் மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ அழைத்துச் செல்லுங்கள், பெற்றோரையும் உடன் வைத்துக்கொண்டு.